அலாரம் அடிக்காததும் ஒரு செய்திதான்

(திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளின் கணினிப் பிரிவு ஊழியர்களும் பொறியியல் மாணவர்களும் கூடியிருந்த வேப்பம்பட்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு தொழிற்சாலை. நூறு சுவிட்ச், இருநூறு கேமரா, நாலைந்து சர்வர். இவற்றில் எது நின்றாலும் உடனே சொல்வதற்கென்று ஒரு கண்காணிப்பு சர்வரும் இருக்கிறது. இரவு இரண்டு மணி. யாருடைய கைபேசிக்கும் அலாரம் வரவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். கண்காணிப்பு சர்வரே நின்றுபோய்விட்டது என்பதும் காரணமாக இருக்கலாம். படுத்திருக்கும் ஊழியருக்கு இரண்டு இரவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சிறிய விஷயமாகத் தோன்றலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2003 ஆகஸ்ட் 14 சாட்சி. அன்று அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. இரு நாட்டு அரசுகளும் சேர்ந்து விசாரித்து 2004 ஏப்ரலில் இறுதி அறிக்கை வெளியிட்டன. நம் துறையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டிய ஆவணம் அது. மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், கேளுங்கள்.

ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின் நிறுவனம். அதன் கட்டுப்பாட்டு அறையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எக்ஸ்.ஏ.21 என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் 2.14-க்கு அதன் அலாரப் பகுதி மட்டும் நின்றுவிட்டது. மென்பொருளின் இரண்டு பகுதிகள் ஒரே தரவை ஒரே கணத்தில் எழுதப் போய், ஒன்றையொன்று சிக்கவைத்துவிட்டன என்று வாரக்கணக்கில் தேடிய பிறகு கண்டுபிடித்தார்கள். கணினி ஓடியது. திரை ஒளிர்ந்தது. அலாரம் மட்டும் வரவில்லை. அலாரம் வராததால், பிரச்சினை எதுவும் இல்லை என்று அறையில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

2.27-க்கு ஒரு 345 கிலோவோல்ட் மின்தடம் துண்டிக்கப்பட்டுத் தானாகவே மீண்டும் இணைந்தது. தடத்தின் மறுமுனையில் இருந்த வேறொரு மின் நிறுவனம் 2.32-க்கு ஃபோன் செய்து, “உங்கள் பக்கம் ஏதாவது தெரிந்ததா?” என்று கேட்டது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லையே என்று பதில் போனது. மனிதர் ஒருவர் நேராகக் கூப்பிட்டுச் சொன்ன செய்தியை, பேசாமல் கிடந்த இயந்திரத்தை நம்பி ஒதுக்கிவிட்டார்கள். அறிக்கையில் என்னை மிகவும் உலுக்கிய இடம் இது.

2.41-க்கு அலாரப் பகுதி இருந்த முதன்மை சர்வரே விழுந்தது. வேலை தானாகவே மாற்று சர்வருக்குப் போனது. ஆனால் கூடவே நின்றுபோன அலாரப் பகுதியும், தீர்க்கப்படாமல் குவிந்திருந்த நிகழ்வுகளும் அப்படியே அங்கே போயின. 2.54-க்கு மாற்று சர்வரும் விழுந்தது. மாற்று ஒன்று வைத்திருக்கிறோம், கவலை இல்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அதே நோயோடு இருக்கிற மாற்று, அதே நோயில்தான் சாகும்.

அந்த நிறுவனத்தில் சர்வர் விழுந்தால் கணினிப் பிரிவுக்குத் தானாகவே தகவல் போகும் ஏற்பாடு இருந்தது. தகவல் போகவும் செய்தது. அவர்கள் வந்து 3.08-க்கு சர்வரை எழுப்பினார்கள். சர்வர் எழுந்தது. அலாரம் எழவில்லை. “உங்களுக்கு அலாரம் வருகிறதா?” என்று கட்டுப்பாட்டு அறையிடம் அவர்கள் கேட்கவில்லை. சர்வர் விழுந்தது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவும் இல்லை. இதற்கிடையே 3.05-க்கு ஒரு தடம், 3.32-க்கு இன்னொன்று, 3.41-க்கு மூன்றாவது. சுமையால் சூடேறித் தொய்ந்த கம்பிகள் வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டு, தடங்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. 4.05-க்கு சம்மிஸ்–ஸ்டார் தடம் போனது. அதன் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டாரம் முழுவதையும் மேற்பார்த்த மிட்வெஸ்ட் ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடி வலையமைப்பின் நிலையைக் கணிக்கும் ஒரு மென்பொருள் இருந்தது. அன்று பகலில் அது தப்பான விடை தந்தது. ஆய்வாளர் ஒருவர் தானியங்கி ஓட்டத்தை நிறுத்திவைத்து, கோளாறைத் தேடிச் சரிசெய்தார். மறுபடி தானியங்கியாக ஓடும்படி அதைத் திருப்பிவிட மறந்து, மதிய உணவுக்குப் போய்விட்டார். அது முழுமையாக மீண்டது 4.04-க்கு. வீழ்ச்சிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்பு.

சாப்பிடப் போன அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் எல்லோருமே அதைச் செய்கிறோம். சுவிட்ச் மாற்றும் வேலை நடக்கும்போது தொந்தரவாக இருக்கிறதென்று அலாரத்தை அடக்கிவைக்கிறோம். வேலை முடிகிறது. அடக்கியதை எடுத்துவிட வேண்டும் என்ற நினைவு வேலையோடு போய்விடுகிறது. அதனால் அடக்கும்போதே அது எத்தனை மணிக்குத் தானாக விலக வேண்டும் என்று குறித்துவிட வேண்டும். முடிவு நேரம் இல்லாத அடக்கத்தை மென்பொருளே ஏற்காதபடி அமைத்துவிடுவது இன்னும் நல்லது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-ல் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, இதோ இந்த வேப்பம்பட்டு வழியாகத்தான் போகிறது. உங்களில் பாதிப் பேர் இந்தப் பாதையில்தான் தினமும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் திருவள்ளூருக்கும் போய் வருகிறீர்கள். நான் எழுப்பிய கேள்விக்கு ரயில்காரர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள்.

1872-ல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் மூடிய தடச்சுற்று ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஒரு முனையில் பேட்டரி, மறுமுனையில் ரிலே. தண்டவாளம் வழியாக மின்னோட்டம் ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரைதான் சிக்னல் பச்சை. ரயில் வந்தால் அதன் சக்கர அச்சுகள் இரண்டு தண்டவாளத்தையும் குறுக்கே இணைத்துவிடும். ரிலேக்கு மின்னோட்டம் போகாது, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ரயில் வராமலேயே பேட்டரி தீர்ந்தால்? கம்பி அறுந்தால்? தண்டவாளம் உடைந்தால்? அப்போதும் ரிலே விழும், அப்போதும் சிவப்புதான். காவல் காக்கும் கருவியே கெட்டுப்போனால் அது ஆபத்து என்றே கணக்கில் எழுதப்படுகிறது. இன்று பல இடங்களில் தடச்சுற்றுக்குப் பதிலாக, சக்கர அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுன்டர் வந்துவிட்டது. கருவி மாறினாலும் கொள்கை மாறவில்லை. மின்சார ரயிலில் மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவதும் இதே கொள்கைதான். அவருக்கு மயக்கம் வந்து கை தளர்ந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

ஃபர்ஸ்ட்எனர்ஜியின் கட்டுப்பாட்டு அறை இதற்கு நேர் எதிராகக் கட்டப்பட்டிருந்தது. அங்கே செய்தி வந்தால் ஆபத்து, வராவிட்டால் நலம். நம் தொழிற்சாலைகளின் கண்காணிப்பு சர்வர்கள் இந்த இரண்டில் எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

அதற்கு ஒரு காரணம் நம் கருவிகளின் பிறப்பிலேயே இருக்கிறது. நெட்வொர்க் கருவிகளோடு பேச எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகிறோம். 1990-ல் தரமாக வெளியான அதன் முதல் பதிப்பில், சுவிட்சுக்கு ஏதாவது நேர்ந்தால் அது டிராப் என்ற செய்தியை அனுப்பும். அனுப்புவதோடு அதன் கடமை முடிந்தது. சர்வருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று சுவிட்சுக்குத் தெரியாது. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். சர்வர் தூங்கினாலும் சுவிட்ச் அனுப்பிக்கொண்டே இருக்கும். அடுத்த பதிப்பில் இன்ஃபார்ம் என்ற வகையைச் சேர்த்தார்கள். அதில் சர்வர் “கிடைத்தது” என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சுவிட்ச் மறுபடி அனுப்பும். உங்கள் சுவிட்சுகளில் எது இயக்கப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். டிராப்தான் இருக்கும், ஏனென்றால் பல கருவிகளில் கேட்காமலே அதுதான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைப் பெருமையோடு சொல்ல வேண்டும். எஸ்.என்.எம்.பி. கருவிகளை ஜாவா மொழியில் எழுதி உலகத்துக்கு விற்ற நிறுவனங்களில் ஒன்று சென்னையில் வளர்ந்தது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாறிய நிறுவனம் அது. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு தரும் ஆப்மேனேஜர் இன்று பல நாடுகளில் நெட்வொர்க்குகளைக் கண்காணிக்கிறது. நெட்வொர்க் கண்காணிப்பு நமக்கு வெளியிலிருந்து வந்து இறங்கிய கலை இல்லை. இதற்கான மென்பொருளை எழுதியவர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியிருக்க, வாங்கி நிறுவியதோடு நம் வேலை முடிந்தது என்று நாமே இருந்துவிடக் கூடாது.

கண்காணிப்பு சர்வர் எதனால் சாகிறது? பெரும்பாலும் சாதாரணக் காரணங்களால். டிஸ்க் நிறைந்துபோகிறது. ஒவ்வொரு கருவியிடமும் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கிய எண்கள் ஆண்டுக்கணக்கில் குவிகின்றன. பழையதைக் கழிக்கும் வேலை சேர்க்கும் வேலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகிறது. ஒரு நாள் டேட்டாபேஸ் எழுத மறுக்கிறது. டோபி ஊட்டிக்கர் என்ற பொறியாளர் இதை முன்பே யோசித்திருந்தார். 1999-ல் அவர் வெளியிட்ட ஆர்.ஆர்.டி.டூல் என்ற மென்பொருள் தொடங்கும்போதே கோப்பின் அளவை நிர்ணயித்துவிடும். புதியது பழையதன் மேல் எழுதப்படும், பழையது சராசரியாகச் சுருங்கும், கோப்பு ஒரு பைட்டும் வளராது. எல்லா எண்ணையும் என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசைதான் பல சர்வர்களைக் கொன்றிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு நிமிடத்து போர்ட் நெரிசலை இன்று யார் பார்க்கப் போகிறார்கள்?

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கடிகாரம் பிசகுவது, பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாவது, கண்காணிப்புக்கென்று தந்த பாஸ்வேர்டை வேறொருவர் மாற்றிவிடுவது, கேட்க வேண்டிய கருவிகள் கூடிக்கூடி ஒரு நிமிடத்துச் சுற்று மூன்று நிமிடமாக நீள்வது. கும்மிடிப்பூண்டியில் உருக்கு ஆலைகளில் வேலை செய்பவர்களுக்குத் தூசியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சர்வரின் மின்விசிறியில் இரும்புத் துகள் படிந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உலை மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் தாழ்வதும் அவர்களுக்குப் பழக்கமானதுதான்.

சர்வர் உயிரோடு இருக்கிறது, கோளாறைக் கண்டும்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். செய்தி உங்கள் கைக்கு வந்து சேருமா? இங்கே இந்தியாவுக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. தொல்லை தரும் வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுக்க, நிறுவனங்கள் அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களின் தலைப்பையும் வாசக வடிவத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதித்தது. டி.எல்.டி. பதிவு என்று நாம் சொல்வது அதைத்தான். 2021 மார்ச் 8-ல் தொலைபேசி நிறுவனங்கள், பதிவான வடிவத்தோடு ஒத்துப்போகாத செய்திகளை நிஜமாகவே தடுக்கத் தொடங்கின. அன்று நாடு முழுவதும் வங்கி ஓ.டி.பி.கள் வராமல் மக்கள் தவித்தார்கள். மறுநாளே ட்ராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது. பிறகு விதி நிலைத்துவிட்டது. இதில் நமக்கு என்ன? அலார எஸ்.எம்.எஸ்.ஸின் வாசகத்தில் புத்திசாலித்தனமாக ஒரு சொல்லைக் கூட்டினால், அந்த நிமிடத்திலிருந்து உங்கள் அலாரம் தடுக்கப்படலாம். சர்வரின் பதிவேட்டில் “அனுப்பப்பட்டது” என்றே இருக்கும். கைபேசிக்கு எதுவும் வராது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததும், மின்சாரம் நின்று கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக அடங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அலாரத்துக்கு ஒரே வழியை நம்பியிருந்தவர்களுக்கு அந்த வழி, அது மிகவும் தேவைப்பட்ட அன்று இல்லை. குறைந்தது இரண்டு வழி வேண்டும். அவை இரண்டும் வேறு வேறு நிறுவனத்தின் கம்பியிலோ கோபுரத்திலோ போக வேண்டும்.

கண்காணிப்பு சர்வரை எங்கே வைப்பது என்பதும் இதே கேள்விதான். பல இடங்களில் அது, தான் கண்காணிக்கும் சர்வர்களோடு ஒரே ரேக்கில், ஒரே யு.பி.எஸ்.ஸில், ஒரே சுவிட்சில் இருக்கிறது. யு.பி.எஸ். போனால் செய்தி சொல்ல வேண்டியதும் சேர்ந்தே போகும். பெரிய நிறுவனங்களும் இதில் இடறியிருக்கின்றன. 2017 பிப்ரவரி 28-ல் அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை முடங்கியபோது, சேவைகளின் நிலையைக் காட்டும் அவர்களுடைய சொந்தப் பக்கத்தைக்கூடச் சில மணி நேரம் மாற்ற முடியவில்லை. அந்தப் பக்கத்தை மாற்றும் ஏற்பாடு அதே எஸ்3-ஐ நம்பியிருந்தது. 2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் அளவுக்கு உலகத்திலிருந்து காணாமல் போனபோது, பழுதைத் தேட வேண்டிய உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கோடு போயிருந்தன.

அப்படியானால் வழி என்ன? ரயில்காரர்களிடம் கற்ற பாடத்தை இங்கே கொண்டுவர வேண்டும். கண்காணிப்பு சர்வர் குறித்த இடைவெளியில், தனக்கு வெளியே இருக்கும் ஓரிடத்துக்கு “இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சொல் இரண்டு முறை தவறினால் வெளியிடம் உங்களைக் கூப்பிட வேண்டும். இதில் பலர் கோட்டை விடும் நுணுக்கம் ஒன்று உண்டு. “இருக்கிறேன்” என்று சொல்வதை சர்வரின் ஒரு மூலையில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் தனி நிரலாக எழுதிவிடுகிறார்கள். அலாரப் பகுதி செத்துக் கிடந்தாலும் அந்தத் தனி நிரல் சந்தோஷமாக “இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஃபர்ஸ்ட்எனர்ஜியில் நடந்தது அதுதான். கணினி இருந்தது, அலாரம் இல்லை.

ஆகவே “இருக்கிறேன்” என்ற சொல் அலாரம் பயணிக்கும் முழு வழியிலும் போக வேண்டும். அலாரப் பகுதிக்குள் எப்போதும் தவறிக்கொண்டே இருக்கும் ஒரு சோதனையை வேண்டுமென்றே வையுங்கள். அதனால் ஓர் அலாரம் எந்நேரமும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அது மற்ற அலாரங்கள் போகும் அதே வரிசையில், அதே வாசலில் வெளியேறி வெளியிடத்துக்குப் போகட்டும். அது நின்றால் வழியில் எங்கோ அடைப்பு என்று அர்த்தம். கண்காணிப்பு மென்பொருள்களில் ப்ரோமிதியஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வாட்ச்டாக் என்ற பெயரில் இது தெரிந்திருக்கும். ஸாபிக்ஸில் ‘தரவே வரவில்லை’ என்பதற்கு அலாரம் வைக்கலாம். நாகியோஸில் வந்த தகவல் எவ்வளவு பழையது என்று பார்க்கும் வசதி இருக்கிறது. கருவிகளில் எல்லாம் இருக்கிறது. இயக்கிவைப்பதுதான் மிச்சம்.

தகவல் பழையது என்றேன். செத்துப்போன கருவியைவிட, உயிரோடு இருந்துகொண்டு பழைய எண்ணையே சொல்லும் கருவிதான் அதிக ஆபத்தானது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் புகைபோக்கிகளில் வாயு அளவி பொருத்தியிருக்கும் ஆலைகள் இருக்கின்றன. 17 வகைத் தொழிற்சாலைகள் தங்கள் புகை, கழிவுநீர் அளவுகளைத் தொடர்ந்து ஆன்லைனில் அனுப்ப வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அந்த அளவிகளைப் பராமரிப்பவர்கள் அவை காட்டும் எண்ணை அப்படியே நம்புவதில்லை. மாசே இல்லாத வாயுவைச் செலுத்தி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி, அந்த அளவைக் காட்டுகிறதா என்று பார்க்கிறார்கள். ஜீரோ, ஸ்பான் என்று அவர்கள் சொல்லும் இந்தச் சோதனை, நெட்வொர்க் பிரிவில் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஒரு போர்ட்டை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, அலாரம் எத்தனை நொடியில் யாருக்கு வருகிறது என்று குறித்துவைக்க வேண்டும். ஒரே எண்ணை மணிக்கணக்கில் அசையாமல் சொல்லும் கருவியையும் சந்தேகப்பட வேண்டும். நிஜமான நெட்வொர்க்கில் போக்குவரத்து எண்கள் அப்படி அசையாமல் நிற்பது அரிது.

“இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும் கருவிக்கு எடுத்துக்காட்டாக, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடலில் அதற்கான மிதவைகளைப் பேணும் வேலையைப் பள்ளிக்கரணைக் கழகம் பார்க்கிறது. கடலடியில் அழுத்தமானி. அது ஒலி வழியாக மேலே மிதவைக்குச் சொல்கிறது. மிதவை செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்கிறது. எதுவும் நடக்காத நாளிலும் குறித்த இடைவெளியில் அது பேசிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பேச்சு நின்றதும் கரையில் தெரிகிறது. மிதவையின் நிழலில் மீன்கள் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். படகை மிதவையில் கட்டினால் சூரியத் தகடும் ஆன்டெனாவும் சேதமாகும். ஆகவே கப்பலில் போய்ப் பழுதுபார்ப்பதோடு, மீனவர் ஊர்களுக்குப் போய் இது எதற்காக இருக்கிறது என்று பேசுவதும் பராமரிப்பின் பகுதியாகிவிட்டது. நம் ஆலைகளில் சுவிட்ச் ரேக்குக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிரில்லிங் மெஷினைச் செருகும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் யாராவது உட்கார்ந்து இப்படிப் பேசியிருக்கிறோமா? தெரியாமல் செய்பவரைத் திட்டுவதால் பிளக் காப்பாற்றப்படாது.

ரயில்வேயை இவ்வளவு புகழ்ந்த பிறகு அதன் எல்லையையும் சொல்வதுதான் நியாயம். 2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிப் பாதையில் கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு முதன்மைத் தடத்தில் போகச் சிக்னல் கிடைத்திருந்தது. ரயில் பக்கத்து லூப் தடத்துக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. பலர் காயமடைந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பியது. தடம் பிரியும் இடத்தில் பாகங்கள் கழற்றப்பட்டிருந்தன என்பது விசாரணையில் வெளிவந்தது. சிக்னல் அறைக்குத் தடம் நேரடியாகத் தெரிவதில்லை. தடத்தின் நிலையைச் சொல்வதற்கென்று பொருத்திய கருவி எதைச் சொல்கிறதோ அதுதான் தெரியும். நம் கண்காணிப்பு சர்வரும் அப்படித்தான். பிங் பதில் வருகிறது என்றால் அந்தக் கருவி பதில் சொல்கிறது என்று மட்டுமே பொருள். எடைமேடையில் லாரி நிற்கிறதா, பில் அச்சாகிறதா என்பது பிங்குக்குத் தெரியாது. எடைமேடையில் இருப்பவர் ஃபோன் செய்து “பில் வரவில்லை” என்றால், திரையில் பச்சையைக் காட்டி அவரை மறுக்காதீர்கள். 2.32-க்கு வந்த ஃபோனை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். நம் வட்டாரத்தின் சிறு, நடுத்தர ஆலைகளில் கணினிப் பிரிவு என்றால் ஒருவர், மிஞ்சினால் இருவர். கேமரா, வருகைப்பதிவு மெஷின், டேலி, பிரிண்டர் எல்லாம் அவர் தலையில்தான். நிர்வாகம் அவரிடம் கேட்பது ‘எது நின்றது’ என்று மட்டுமே. கண்காணிப்பு சர்வரைப் பேண மாதத்தில் அரை நாள் ஒதுக்கினால் அதை வெட்டி வேலை என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அந்த அரை நாள் அவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து உரத்துச் சொல்கிறேன். அந்த அரை நாளில் அவர் டிஸ்க்கைப் பார்ப்பார், ஒரு போர்ட்டை அணைத்துச் சோதிப்பார், அலாரப் பட்டியலில் வேலையை விட்டுப் போனவரின் கைபேசி எண் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒருவரும் எழுந்து எதுவும் செய்யத் தேவையில்லாத அலாரங்களை நீக்குவார். இரவெல்லாம் வெறுமனே அலறும் கைபேசியை மனிதர்கள் அணைத்துவைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சர்வராலும் பயனில்லை.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். வெளியிடம் வேண்டும் என்றேன். அதற்குப் பணம் கட்டும் சேவைகள் இருக்கின்றன. வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்கு இந்தக் கூட்டத்திலேயே வழி இருக்கிறது. திருவள்ளூரில் ஓர் ஆலையும் கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையும் ஜோடி சேரட்டும். இரண்டும் வேறு துணைமின் நிலையத்தில், வேறு இணைய நிறுவனத்தில் இருக்கட்டும். இவருடைய சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவருடைய சர்வரிடம் “இருக்கிறேன்” என்று சொல்லட்டும், அவருடையது இவருடையதிடம் சொல்லட்டும். அந்தச் செய்தியில் ஆலையின் உள்விவரம் எதுவும் வேண்டாம். ஒரு நீண்ட ரகசியக் குறியீடு போதும். ஒருவர் நெட்வொர்க்குக்குள் மற்றவர் நுழையத் தேவையில்லை, அந்தச் செய்தி போகவும் வரவும் மட்டும் ஃபயர்வாலில் வழி விட்டால் போதும். பத்து நிமிடம் பேச்சு வராவிட்டால் தானியங்கி அழைப்பு போகும். அதையும் எடுக்காவிட்டால், அங்கே இரவுப் பணியில் இருப்பவர் இங்கே செக்யூரிட்டி அறையின் தரைவழித் தொலைபேசிக்குக் கூப்பிடுவார். அந்த எண்ணை இரண்டு பக்கமும் தாளில் எழுதி, சர்வர் அறைக் கதவில் ஒட்டிவையுங்கள். சேர விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள். எந்தத் துணைமின் நிலையம், எந்த இணைய நிறுவனம் என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும், இன்றைக்கே ஜோடி சேர்த்துவிடலாம்.